பிள்ளைத்தமிழும் பிள்ளையின் தமிழும்

(வானொலி இலக்கியத் தொடரில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



இத்தொடரில் எனக்கு முன்னர் பேசியவர்கள் சங்கச் செய்யுளையும் காப்பியங்களையும் நாவல்களையும் எடுத்து நயந்தார்கள். இன்று நான் எடுத்துக்கொண்டிருப்பது எவரும் ஏட்டில் எழுதி வைக்காத ஓர் இலக்கியம். பற்கள் முழுமையாக முளைக்காத வாய்களிலே பிறந்து, நாலைந்து வயதுக்குள் தானே மறைந்துவிடுகிற இலக்கியம். மழலை என்பது அதன் பெயர்.

நான் ஓர் இந்துக் கல்லூரியில் தமிழ் படிப்பிக்கும் ஆசிரியன். பட்டதாரி ஆசிரியராகப் பயிற்சி பெற்று இருபது வருடங்களாக ஊரார் பிள்ளைகளுக்கு நன்னூலும் நளவெண்பாவும் சொல்லிக் கொடுத்து வருகிறேன். அப்படிப்பட்ட நான் என் சொந்தப் பிள்ளையின் தமிழைக் கவனிக்கத் தவறிய கதையையும் இன்று சொல்லவேண்டியிருக்கிறது. முதலில் இலக்கியத்தில் இருந்து தொடங்குகிறேன்.

தமிழிலுள்ள தொண்ணூற்றாறு வகைச் சிற்றிலக்கியங்களுள் பிள்ளைத்தமிழ் ஒன்று என்பது நீங்கள் அறிந்ததே. குழந்தையைப் பாட்டுடைத் தலைவனாக்கிப் பாடுவதற்கான விதை தொல்காப்பியத்திலேயே கிடக்கிறது. இன்று நமக்குக் கிடைக்கும் பிள்ளைத்தமிழ்களுள் காலத்தால் முந்தியது 12ஆம் நூற்றாண்டில் ஒட்டக்கூத்தர் பாடிய குலோத்துங்கசோழன் பிள்ளைத்தமிழ். காப்பு, செங்கீரை, தால், சப்பாணி, முத்தம், வருகை, அம்புலி என்னும் ஏழு பருவங்கள் ஆண் பெண் இருபாலாருக்கும் பொது. எஞ்சிய மூன்றும் பாலுக்கேற்ப வேறுபடும்.

இப்பருவங்களை வகுப்பிலே நாம் எப்படிப் படிப்பிக்கிறோம்? பரீட்சைக்காக மனனம் செய்யவேண்டிய ஒரு பட்டியலாகவே படிப்பிக்கிறோம். நானும் அப்படித்தான் செய்து வந்தேன். ஆனால் ஒரு தாயின் கண்ணோடு அந்தப் பட்டியலைப் பாருங்கள். தால் என்றால் நாக்கு. தாய் தன் நாவை அசைத்துப் பாடுவதால் அது தாலாட்டு என்பர். குழந்தை முதன்முதலில் கேட்கும் தமிழ் அதுதான். சொல்லின் பொருள் தெரியாவிட்டாலும் அந்த மொழியின் ஏற்ற இறக்கமும் ஓசையும் செவிவழியே அதற்குள் இறங்கிவிடுகின்றன. சப்பாணி என்பது கைகொட்டல். தாய் கொட்டப் பிள்ளையும் கொட்டும். ஒருவர் செய்ய மற்றவர் பதில் செய்யும் ஒழுங்கு அங்கே பிறக்கிறது. உரையாடல் என்பதும் அந்த ஒழுங்குதானே? பேச்சு வருவதற்கு முன்னரே கைகள் உரையாடிப் பழகிவிடுகின்றன.

அம்புலிப் பருவம் இன்னும் நுட்பமானது. தாய் விரலை நீட்டி நிலவைக் காட்டுகிறாள். பிள்ளை முதலில் விரலைப் பார்க்கும். பிறகு விரல் சுட்டும் திசையைப் பார்க்கும். இருவரும் ஒரே பொருளைப் பார்த்துக்கொண்டிருக்கும் அந்தக் கணத்தில் தாய் அதற்கொரு பெயர் சொல்லுகிறாள். ஜெரோம் புரூணர் முதலிய உளவியலாளர்கள் 1970களில் இதனைத்தான் ஆராய்ந்தார்கள். இருவர் ஒரே பொருளில் கவனம் வைப்பதே சொற்கற்றலின் அத்திவாரம் என்பது இன்று கல்வியியலில் ஒப்புக்கொள்ளப்பட்ட கருத்து. நம்முடைய தாய்மாருக்கு அந்த அத்திவாரத்தை இட நிலவே போதுமானதாக இருந்தது.

இனி என் வீட்டுக் கதைக்கு வருகிறேன்.

என் இளைய மகனுக்கு இரண்டு வயது கடந்தபோது, அவன் வாயில் இருந்த சொற்களை ஒரு கை விரல்களால் எண்ணிவிடலாம். மூத்தவள் அந்த வயதில் வாய் ஓயாமல் கதைத்தவள். என் மனைவி கவலைப்பட்டாள். "ஆம்பிளைப் பிள்ளையள் பிந்தித்தான் கதைக்கும். கொம்மாவைக் கேள், உன்ரை புருஷனும் பிந்தித்தான் வாய் திறந்தவர்" என்று அயலில் உள்ள ஒரு பெரியம்மா அவளுக்கு ஆறுதல் சொன்னா. நானோ ஒருபடி மேலே போனேன். தமிழாசிரியன் அல்லவா? "குமரகுருபரர் ஐந்து வயதுவரை பேசவில்லை. பிறகு பேசியபோது கந்தர் கலிவெண்பாவே பாடினார். உன்ரை மகனும் அப்படி வருவான், இரு" என்றேன். மனைவி அதற்குப் பிறகு ஒன்றும் சொல்லவில்லை. இலக்கியத்தைக் காட்டி ஒரு தாயின் வாயை அடைத்துவிட்டேன் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

சில வாரங்கள் கழித்து எங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தர் வீட்டுக்கு வந்தா. பிள்ளையின் வளர்ச்சிப் பதிவேட்டைப் புரட்டிக்கொண்டிருந்தவ என்னிடம் ஒரு கேள்வி கேட்டா. "சேர், பின்னாலை நிண்டு மெல்லமாக் கூப்பிட்டால் தம்பி திரும்பிப் பார்க்கிறவரோ?"

என்னால் பதில் சொல்ல முடியவில்லை. நான் ஒருநாளும் அப்படிக் கூப்பிட்டுப் பார்த்ததில்லை.

அன்று மாலை, அவன் விறாந்தையில் சிரட்டைகளை அடுக்கி விளையாடிக்கொண்டிருந்தான். நான் பின்னால் நின்று அவன் பெயரைச் சொன்னேன். திரும்பவில்லை. இன்னும் ஒருமுறை சொன்னேன். மூன்றாவது முறை சற்று உரத்துச் சொன்னபோதுதான் அவன் தலையைத் திருப்பினான். முகத்தைப் பார்த்ததும் சிரித்தான். அந்தச் சிரிப்பை இன்றைக்கும் என்னால் இலகுவில் கடந்துபோக முடிவதில்லை.

காது, மூக்கு, தொண்டை வைத்திய நிபுணரிடம் காட்டினோம். செவிப்புலன் பரிசோதனையும் நடந்தது. நடுச்செவியில் நீர் தேங்கியிருந்தது. தடிமனுக்குப் பின்னர் சிறு பிள்ளைகளில் இது பரவலாக ஏற்படுவது. பெரும்பாலும் வலி இராது. அதனால் எவருக்கும் தெரியவும் வராது. தண்ணீருக்குள் அமிழ்ந்திருப்பவன் கரையில் நிற்பவர்களின் பேச்சைக் கேட்பது போலப் பிள்ளைக்கு எல்லாம் மங்கலாகவே கேட்கும். அனேகமான பிள்ளைகளுக்குச் சில மாதங்களில் நீர் தானே வற்றிவிடும். எங்கள் மகனுக்கு வற்றவில்லை. மூன்று மாதம் பொறுத்துப் பார்த்து, மீண்டும் பரிசோதித்த பின்னர் செவிப்பறையில் சிறு குழாய் ஒன்றைப் பொருத்தினார்கள். வீட்டுக்கு வந்த மறுநாள் முற்றத்து மாமரத்தில் காகம் கரைந்தது. அவன் திடுக்கிட்டு மேலே பார்த்து, விரலை நீட்டினான்.

காது திறந்துவிட்டால் வாய் தானே திறந்துவிடும் என்று நினைத்தேன். அப்படி நடக்கவில்லை. பேச்சு, மொழிச் சிகிச்சையாளர் ஒருவரிடம் சென்றோம். அவர் என்னிடம் கேட்ட முதற்கேள்வி, "நீங்கள் ஒருநாளைக்குத் தம்பியோடை எவ்வளவு நேரம் கதைக்கிறீங்கள்?" என்பது. கணக்குப் பார்த்தேன். காலையில் பாடசாலை. பின்னேரம் தனியார் வகுப்பு. இரவில் கொப்பி திருத்தல். பிள்ளை அழுதால் கையடக்கத் தொலைபேசியைக் கையில் கொடுத்துவிடுவேன். நாள் முழுவதும் தமிழைப் பற்றியே பேசித் திரிந்த ஒருவன், சொந்தப் பிள்ளையோடு தமிழில் பேசியது பத்து நிமிடமும் இல்லை.

நேயர்களே, அந்தச் சிகிச்சையாளர் சொல்லித் தந்தவை மிக எளியவை. அவற்றை உங்களோடு பகிர்ந்துகொள்வதற்காகவே இந்தக் கதையைச் சொன்னேன்.

முதலாவது, "சொல்லு, சொல்லு" என்று பிள்ளையை நெருக்கக் கூடாது. பரீட்சை வைப்பவரிடம் எவருக்கும் பேச மனம் வராது. பிள்ளை எதைப் பார்க்கிறதோ அதை நாமும் பார்த்து, அதைப் பற்றி நாம் பேசவேண்டும். பேசிவிட்டுச் சற்றுப் பொறுத்திருக்கவேண்டும். அந்த இடைவெளி பிள்ளைக்கு உரியது. பெரியவர்களாகிய நமக்கு அந்த மௌனத்தைத் தாங்குவதுதான் கடினம்.

இரண்டாவது, பிள்ளை சொன்னதை எடுத்துச் சற்று நீட்டித் திருப்பிக் கொடுக்கவேண்டும். "மாடு" என்று பிள்ளை சொன்னால், "ஓம், மாடு வருது. சிவத்த மாடு வருது" என்று சொல்லவேண்டும். பிள்ளை ஒரு சிரட்டை மணல் தந்தால் நாம் இரண்டு சிரட்டையாகத் திருப்பிக் கொடுப்பது போல.

மூன்றாவது, தெரிந்த பாட்டையோ கதையையோ சொல்லி, கடைசிச் சொல்லை விட்டுவிட்டுக் காத்திருக்கவேண்டும்.

இந்த மூன்றாவதைக் கேட்டபோது எனக்கு என் அம்மம்மாவின் நினைவு வந்தது. 1990க்குப் பின்னர் யாழ்ப்பாணக் குடாநாட்டில் வருடக்கணக்காக மின்சாரம் இருக்கவில்லை. ஜாம் போத்தல் விளக்கின் மங்கல் வெளிச்சத்தில் நாங்கள் எல்லோரும் அம்மம்மாவைச் சுற்றி இருப்போம். கதை சொல்லும்போது அவ வேண்டுமென்றே நடுவில் நிறுத்துவா. "அப்ப அந்த நரி என்ன சொல்லிச்சுது?" என்று எங்களைப் பார்ப்பா. எங்களில் ஆகச் சிறியவள்தான் முதலில் கத்துவாள். அம்மம்மா நாலாம் வகுப்புக்கு மேல் படிக்காதவ. நான் பட்டப்பின் கல்வி டிப்ளோமாவில் வைகோட்ஸ்கியைப் படித்துப் பரீட்சை எழுதியவன். பிள்ளை தனியே செய்ய இயலாத ஒன்றைப் பெரியவர் துணையோடு செய்து, பின்னர் தானாகச் செய்யப் பழகுகிறது என்பது 1934இல் மறைந்த அந்த ரஷ்ய அறிஞரின் கருத்து. அதை விடைத்தாளில் எழுதிய எனக்கு வீட்டில் செய்யத் தெரியவில்லை. அம்மம்மாவுக்குத் தெரிந்திருந்தது.

மகன் மெல்ல மெல்லப் பேசத் தொடங்கினான். அப்போதுதான் நான் இலக்கணத்தை மறுபடி படித்தேன் என்று சொல்லவேண்டும். தொல்காப்பியர் பிறப்பியலில் பகரமும் மகரமும் இதழ்கள் இரண்டும் பொருந்துவதால் பிறக்கும் என்கிறார். பிள்ளை கண்ணால் பார்த்துப் பழகக்கூடிய ஒலிகள் அவை. அதனால்தான் அம்மாவும் அப்பாவும் முதலில் வருகிறார்கள். ரகரமும் ழகரமும் நாவின் நுணுக்கமான அசைவை வேண்டுவன. அவை பிந்தித்தான் வரும். மூன்று வயதுப் பிள்ளை ரகரத்தைச் சரியாகச் சொல்லவில்லை என்று அதட்டுவது, பிஞ்சு மாங்காயைப் பார்த்து ஏன் இனிக்கவில்லை என்று கேட்பதற்குச் சமம்.

ஒருநாள் அவன் "மாமா வாந்தார்" என்றான். மூத்தவள் சிரித்துவிட்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வா என்னும் பகுதி இறந்தகாலத்தில் வ எனக் குறுகுவது விகாரம் என்று உயர்தர வகுப்பில் படிப்பிக்கிறோம். அந்த விகாரத்தை அறியாத என் மகன், வா என்னும் பகுதியோடு இறந்தகாலத்தையும் விகுதியையும் ஒழுங்காகச் சேர்த்திருக்கிறான். "வாந்தார்" என்ற சொல்லை அவன் எவரிடமும் கேட்டிருக்க முடியாது. அவனே ஆக்கிய சொல் அது. விதியை உணர்ந்தவனால் மட்டுமே செய்யக்கூடிய பிழை. "ஓம் தம்பி, மாமா வந்தார்" என்று மட்டும் சொன்னேன். சில கிழமைகளில் அவன் தானே திருத்திக்கொண்டான்.

பேச்சிலிருந்து எழுத்துக்கு வருவோம். விஜயதசமியன்று கோவிலிலோ வீட்டிலோ ஏடு தொடக்குகிறோம். தட்டிலே பரப்பிய பச்சையரிசியில் பிள்ளையின் விரலைப் பிடித்து அகரம் எழுதுவிக்கிறோம். அழகான சடங்கு. விரல் தொட்டு எழுதும்போது எழுத்தின் வடிவம் உடம்பில் பதிகிறது. 1944இல் இலங்கைக்கு வந்து ஆசிரியர்களைப் பயிற்றிய மரியா மொண்டிசோரி அம்மையாரும் மண்தாளில் வெட்டிய எழுத்துகளைப் பிள்ளைகள் விரலால் தடவிப் பழகவேண்டும் என்றார். அரிவரி வகுப்பில் நம் முன்னோர் மணலில் எழுதிப் பழகியதும் இதே வழிதான்.

ஆனால் ஏடு தொடக்கிய மறுவாரமே மூன்றரை வயதுப் பிள்ளையின் கையில் பென்சிலைத் திணித்து, ஒரு பக்கம் முழுவதும் அகரம் எழுதிக்கொண்டு வா என்று வீட்டுவேலை கொடுக்கும் வழக்கம் இன்று பல இடங்களில் இருக்கிறது. பெற்றோரும் அதையே விரும்புகிறார்கள். ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சையின் நிழல் முன்பள்ளி வரை நீண்டு விழுகிறது. பிள்ளையின் விரல் தசைகள் அதற்கு இன்னும் ஆயத்தமாகவில்லை. அதைவிட முக்கியமாக, அதன் செவி ஆயத்தமாகவில்லை.

தமிழ் நெடுங்கணக்கில் 12 உயிர், 18 மெய், 216 உயிர்மெய், ஓர் ஆய்தம் என 247 எழுத்துகள். ஆங்கிலப் பிள்ளை 26 எழுத்துகளோடு தொடங்குகிறது. நம் பிள்ளை சுமக்கவேண்டிய வடிவங்கள் பல மடங்கு. இன்னொரு சிக்கலும் உண்டு. "கெ" என்று எழுதும்போது கொம்பு இடப்பக்கம் முதலில் வருகிறது. ஒலியிலோ ககரம் முதலிலும் எகரம் பின்னும் கேட்கின்றன. "கொ" என்றால் எழுத்தின் இரு பக்கமும் குறிகள். கண் ஒரு வரிசையிலும் காது ஒரு வரிசையிலும் போகின்றன. இந்த முடிச்சை அவிழ்க்க முதலில் காது பழகவேண்டும். "பட்டம், பலா, பல்லி: மூன்றும் எதில் தொடங்குது?" என்று குசினியில் மரக்கறி வெட்டிக்கொண்டே கேட்கலாம். "பல்லியில் பகரத்தை எடுத்துக் ககரத்தை வைத்தால் என்ன வரும்?" என்று பஸ்ஸில் போகும்போது கேட்கலாம். காசு வேண்டாம், கொப்பி வேண்டாம். ஒலிகளைப் பிரித்தும் சேர்த்தும் விளையாடிய பிள்ளைக்கு எழுத்து வரும்போது அது ஏற்கெனவே பழகிய ஒருவரின் புகைப்படம் போலத் தோன்றும்.

தமிழ்ப் பிள்ளைக்கு வேறொரு தடையும் உண்டு. வீட்டில் "மழை பெய்யுது" என்கிறோம். புத்தகத்தில் "மழை பெய்கிறது" என்று இருக்கிறது. பேச்சுத் தமிழும் எழுத்துத் தமிழும் நம்மிடம் தூரத்து உறவினர் போல. கதைப் புத்தகம் வாசிக்கக் கேட்டு வளர்ந்த பிள்ளை இரண்டாவது தமிழையும் மடியில் இருந்தே பழகிவிடுகிறது. கேளாத பிள்ளை முதலாம் தரத்தில் அதை முதன்முதலாகச் சந்திக்கிறது. ஆறாம் தரத்தில் என்னிடம் வரும் மாணவர்களுள் சிலர் ஒரு பந்தியைத் தடங்கலின்றி உரத்து வாசிப்பார்கள். "என்ன வாசித்தாய்?" என்று கேட்டால் விழிப்பார்கள். அவர்களுக்கு எழுத்து தெரியும். அந்த எழுத்துகள் சுமந்துவரும் சொற்களோடு அவர்களுக்கு அறிமுகம் இல்லை. அந்த அறிமுகம் ஆறாம் தரத்தில் நடக்கவேண்டியது அன்று, மடியில் நடந்திருக்கவேண்டியது.

வாசித்துக் காட்டுவதிலும் ஒரு முறை உண்டு. 1988இல் அமெரிக்க உளவியலாளர் வைற்கேர்ஸ்ற்றும் அவருடைய குழுவினரும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். படப் புத்தகத்தை நேரே வாசித்துச் செல்லாமல், பிள்ளையிடம் கேட்டும் அது சொன்னதை விரித்தும் வாசிக்கப் பெற்றோரைப் பழக்கியபோது, ஒரு மாதத்திலேயே பிள்ளைகளின் மொழி குறிப்பிடத்தக்க அளவு முன்னேறியது. புத்தகம் இல்லையே என்று எவரும் சொல்ல வேண்டியதில்லை. நம்மிடம் தங்கத் தாத்தா நவாலியூர் சோமசுந்தரப் புலவர் இருக்கிறார். 1878 முதல் 1953 வரை வாழ்ந்த அவர் கத்தரித் தோட்டத்து வெருளியையும் ஆடிப்பிறப்புக் கூழையும் பிள்ளைகளுக்குப் பாட்டாக்கித் தந்தார். பத்திரிகையின் படமும் சீனிப் பக்கற்றின் உறையும்கூடப் பாடப் புத்தகம் ஆகலாம்.

மலையகத்தில் தாய்மார் கொழுந்து பறிக்கப் போகையில் பிள்ளைகளைப் பிள்ளைக்காம்பராவில் விட்டுச் செல்வார்கள். அங்கே பிள்ளைகளைப் பார்க்கும் பெண்ணின் வாய்ப்பேச்சுத்தான் அந்தப் பிள்ளைகளின் பகல்நேரத் தமிழ் முழுவதும். பாலும் பாயும் கொடுத்தால் போதும் என்று நினைக்காமல், பாட்டும் கதையும் அங்கே இருக்கின்றனவா என்று நாம் கேட்கவேண்டும்.

கையடக்கத் தொலைபேசியைப் பற்றி ஒரு வார்த்தை. ஒரு வயதுப் பிள்ளைக்குத் திரையே வேண்டாம், இரண்டு முதல் நான்கு வயதுவரை நாளொன்றுக்கு ஒரு மணித்தியாலத்துக்கு மேற்படக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் அறிவுறுத்தியது. திரை பேசும், ஆனால் பிள்ளை பேசும்போது அது கேட்காது.

பெற்றோருக்கு ஒரு சிறு கணக்கும் சொல்லிவிடுகிறேன். ஒரு வயதாகியும் பிள்ளை பெயருக்குத் திரும்பவில்லை, மழலை ஒலி எழுப்பவில்லை, விரலால் சுட்டவில்லை என்றால். ஒன்றரை வயதிலும் சொல் எதுவும் வரவில்லை என்றால். இரண்டு வயதில் "பால் தா" என்பது போல் இரு சொற்களைச் சேர்க்கவில்லை என்றால். எந்த வயதிலாவது பேசிய சொற்களைப் பிள்ளை இழந்தால், காத்திருக்காதீர்கள். குடும்பநல உத்தியோகத்தரிடமோ வைத்தியரிடமோ கேளுங்கள். முதலில் காதைப் பரிசோதியுங்கள். பெரும்பாலும் பயப்பட ஒன்றும் இராது. ஆனால் அதைச் சொல்லவேண்டியவர் பரிசோதித்தவரே தவிர, அயல்வீட்டுப் பெரியம்மாவும் அல்லர், தமிழாசிரியனும் அல்லன்.

என் மகன் இப்போது மூன்றாம் தரத்தில் படிக்கிறான். வகுப்பில் கதைத்துக் குழப்படி செய்கிறான் என்று ஆசிரியை முறைப்பாடு அனுப்பியிருந்தா. அந்தத் துண்டை மனைவி மடித்துச் சுவாமி அறையில் வைத்திருக்கிறாள்.

போன வருடம் உயர்தர வகுப்பில் குமரகுருபரர் வரலாற்றைச் சொல்லிக்கொண்டிருந்தேன். 17ஆம் நூற்றாண்டில் ஸ்ரீவைகுண்டத்திலே சண்முகசிகாமணிக் கவிராயருக்கும் சிவகாமசுந்தரி அம்மையாருக்கும் பிறந்த பிள்ளை ஐந்து வயதுவரை பேசவில்லை. பெற்றோர் அவரைத் திருச்செந்தூருக்குக் கொண்டுபோய் முருகன் சந்நிதியில் நோன்பிருந்தார்கள். அங்கே பேச்சு வந்தது. பின்னாளில் மீனாட்சியம்மை பிள்ளைத்தமிழையும் முத்துக்குமாரசுவாமி பிள்ளைத்தமிழையும் பாடியவர் அவர்தான். பல வருடங்களாகச் சொல்லிவந்த வரலாறு. அன்று "கொண்டுபோய்" என்ற சொல்லில் என் நா நின்றுவிட்டது.

அந்தப் பெற்றோர் பிந்தித்தான் கதைக்கும் என்று வீட்டில் இருக்கவில்லை. தங்கள் காலத்தில் தாங்கள் அறிந்த வைத்தியரிடம் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனார்கள். நான் மனைவிக்குச் சொன்ன கதையில் அந்தப் பயணத்தை மட்டும் விட்டுவிட்டேன்.

இன்றிரவு உங்கள் வீட்டுப் பிள்ளைக்குப் பின்னால் நின்று, மெல்லமாக அதன் பெயரைச் சொல்லிப் பாருங்கள். திரும்பினால், அதனோடு பத்து நிமிடம் கதையுங்கள். திரும்பாவிட்டால், நாளைக்கே அதைத் தூக்கிக்கொண்டு போங்கள்.